கையை விட்டுக் கம்பை அடித்த மனிதர்

ஆர்னிஸ் என்ற பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "மாடர்ன் ஆர்னிஸா? அது அசல் இல்லைங்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நீர்க்க வைத்தது." போன வாரமும் கேட்டேன். ரெமி பிரேசாஸ் என்ற ஆசான் அந்தக் கலையைத் திருத்தி அமைத்த முறைதான் மாடர்ன் ஆர்னிஸ். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கம்புச் சண்டையைப் பழைய ஆசான்கள் சொல்லிக்கொடுத்த முறையில், அடி விழுவது எதிராளியின் கம்பில் அல்ல, கம்பைப் பிடித்திருக்கும் கையில். வாள் சண்டைக்குப் பொருத்தமான கணக்கு அது. கை போனால் ஆயுதம் போயிற்று. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்றே இதைச் சொல்வார்கள். அதோடு பிரம்பு புனிதமானது, அதன்மேல் அடிக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் இருந்தது.

சண்டைக்குச் சரி. பயிற்சிக்கு? பிரம்படி ஒன்று விரல் கணுவில் பட்டால் இரண்டு நாளைக்குச் சோற்றைப் பிசைய முடியாது. நான் பட்டிருக்கிறேன். தினமும் இப்படி வீங்கிய கையோடு வீட்டுக்குப் போகும் பையன் எத்தனை நாள் வருவான்? பக்கத்திலேயே வெள்ளைச் சீருடையும் பெல்ட்டுமாக ஜூடோ, கராத்தே வகுப்புகள் நடக்கும்போது அவன் அங்கேதான் போவான். ஜப்பானியக் கலைகள் பரவிய அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸில் நடந்ததும் இதுதான். சொந்த ஊர்க் கலை கிழவர்களின் விஷயமாகிப்போனது.

ரெமி பிரேசாஸ் கை வைத்தது இந்த இடத்தில்தான். 1936-ல் நீக்ரோஸ் தீவின் ஹினிகாரான் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். முதல் பாடம் வீட்டிலேயே, தாத்தாவிடம். அப்புறம் பக்கத்துத் தீவான செபுவுக்குப் போய் ஆசான்களைத் தேடிக் கற்றார். செபு அப்போது கம்புச் சண்டையின் தலைநகரம் மாதிரி. 1932-ல் தொடங்கிய டோசே பாரேஸ் சங்கம் அங்கே இருந்தது. அதிலிருந்து பிரிந்து வந்த வெனான்சியோ பேக்கன் ஒற்றைக் கம்பை மட்டும் வைத்து வளர்த்த பலிந்தவாக் முறையும் அங்கேதான். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சவாலுக்கு அழைத்துக்கொண்டிருந்த ஊர். பிரேசாஸ் இந்த முறைகளிலிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டு, ஜூடோ கராத்தேயும் பழகி, எல்லாவற்றையும் ஒரே பாடமாகக் கட்டினார். அதில் முதல் மாற்றம், கையை அடிக்காதே, கம்பைக் கம்பால் அடி என்பது.

இது கலையை மென்மையாக்கிய மாற்றம் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தூரம், கோணம், நேரம் எதுவும் மாறவில்லை. இலக்கு ஒரு சாண் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கை உடையும் என்ற பயம் போனதால், முழு வேகத்தில் ஆயிரம் தடவை அடித்துப் பழக முடிந்தது. பயந்து பயந்து நூறு தடவை அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அனுபவம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'அன்யோ' என்ற தனிப்பயிற்சி வரிசைகளில் கராத்தேயின் சாயல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனால் அந்த அன்யோவும் பெல்ட்டும் இருந்ததால்தான் உடற்கல்வி வகுப்புக்குள் இந்தக் கலை நுழைய முடிந்தது.

1975-ல் அவர் அமெரிக்கா போனார். அங்கே இந்தக் கலை ஏற்கெனவே இருந்தது, அதை மறந்துவிடக் கூடாது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில், தோட்டவேலைக்குப் போன பிலிப்பினோக்கள் தங்களுக்குள் காத்து வைத்திருந்தார்கள். ஏஞ்சல் கபாலேஸ் 1966-ல் எல்லோருக்குமாகப் பள்ளி திறந்தார். பிரேசாஸ் செய்தது வேறு வேலை. ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி முகாம் நடத்தினார். கராத்தேக்காரரிடம் கராத்தேயை விடச் சொல்லவில்லை. உன் கலைக்குள்ளேயே இந்தக் கலை இருக்கிறது என்று காட்டினார். கம்பு வீசும் அதே அசைவு கத்திக்கும், வெறுங்கைக்கும் பொருந்தும் என்பதுதான் பிலிப்பினோ முறைகளின் அடிப்படை. அதனால் யாரும் தன் குருவை விட்டுவராமலே கற்க முடிந்தது. இது பரவியதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

2001-ல் கனடாவின் விக்டோரியாவில் அவர் காலமானபின் சீடர்கள் பல அமைப்புகளாகப் பிரிந்தார்கள். அது வருத்தம்தான். 2009-ல் ஆர்னிஸ் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2019 தென்கிழக்காசியப் போட்டியில் ஆர்னிஸுக்கு மட்டும் 20 தங்கம். 14-ஐ அந்த நாட்டுப் பிள்ளைகளே வென்றார்கள்.

எங்கள் வகுப்பில் சென்ற மாதம் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாளே 'சினவாலி'. மூங்கில் தட்டிச் சுவர் பின்னுவதிலிருந்து வந்த பெயர். இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு பிரம்போடு, பின்னுவது போலவே மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அரைமணி நேரம் தட்டுத் தடுமாறினாள். திடீரென்று தாளம் பிடிபட்டது. நான்கு கம்பும் டக் டக்கென்று ஒரே சீராக மோதின. அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்து, பிரம்போடு வாசலில் நின்றிருந்தாள்.