மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோவதில்லை
மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் பல்பில் தீர்ந்துபோவதால்தான் ஒளி கிடைக்கிறது என்று, குழந்தைகளுக்கு மின்சுற்றை விளக்கும் ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது, குழந்தைகளின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்திவிடும் என அஞ்சுகிறேன். பல்புக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் ஒரே அளவுதான்; ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றலே.

1.5 வோல்ட் மின்கலம், டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு ஆகியவற்றைக் கொடுத்து, இணைக்கும் முறையைச் சொல்லாமல் விட்டால், பல்பின் அடிமுனையும் உலோகப் பக்கமும் இரு வேறு தொடுமுனைகள் என்பதையும், சுற்று முழுமையடைந்தால்தான் விளக்கு எரியும் என்பதையும் குழந்தை தானாகவே கண்டறியும். எவ்வளவு நேரமானாலும் பெரியவர்கள் குறுக்கிடாதிருப்பது நல்லது. கம்பியால் மின்கலத்தின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் கம்பி சூடாகும் என்பதையும், சுவரிலுள்ள பிளக் பாயிண்டை எந்தச் சோதனைக்கும் நாடக்கூடாது என்பதையும் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் என்ற உலோக இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் ஒளிர்ந்தும் உருகாததற்கு அதன் உருகுநிலை 3,400 டிகிரிக்கு மேல் இருப்பதும், எரிந்துபோகாததற்குக் குமிழுக்குள் ஆக்சிஜன் இல்லாததும் காரணம் என்பதைச் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு விளக்கலாம். எல்இடி விளக்கில் இழையே கிடையாது. குறைக்கடத்தி எனும், ஓரளவே மின்சாரத்தைக் கடத்தும் பொருளில் மின்னோட்டம் பாயும்போது நேரடியாகவே ஒளி பிறப்பதால், அதைத் தனிப் பாடமாகப் பின்னர் வைத்துக்கொள்வதே பொருத்தம்.