ஐந்து பேருக்கு நான்கு உருண்டை

காலையில் கண் விழித்ததும் போனில் ஒரு மெசேஜ். நேற்று இரவு எங்களிடம் சாப்பிட்டதற்கு நன்றி, ஐந்து ஸ்டார் கொடுத்து உதவுங்கள் என்று. பல் கூட விளக்கவில்லை, உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரை ஸ்டார் கூடக் கொடுக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து அத்தை வந்திருக்கிறார். அப்பாவின் அக்கா, எழுபத்திரண்டு வயது. என்னைத் தூக்கி வளர்த்தவரை ஒரு நாளாவது நல்ல இடத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. நுங்கம்பாக்கம், சனிக்கிழமை இரவு, ஒரு தட்டை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டிய ஷேரிங் பிளேட்ஸ். இந்த மூன்றையும் சொன்னாலே உங்களில் பாதிப்பேருக்கு வயிறு எரிய ஆரம்பித்திருக்கும்.

மெனு கார்டு கிடையாது, போனில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சரி, பார்த்தோம். மட்டன் கோலா உருண்டை 445 ரூபாய் என்று இருந்தது. எத்தனை உருண்டை என்று எங்கும் போடவில்லை. ஆர்டர் எடுக்க வந்த தம்பியிடம் கேட்டேன். "நல்லா ஷேர் பண்ணலாம் மேம்" என்றான். எத்தனை இருக்கும்ப்பா என்று மறுபடி கேட்டேன். "எல்லாரும் டேஸ்ட் பண்ற மாதிரி இருக்கும் மேம்." எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை சொல்ல வேண்டாமா? அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படித்தான் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நிற்க வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

வந்தது. முறம் அளவுக்கு ஒரு கறுப்புக் கல் தட்டு, அதன் நடுவில் நான்கு உருண்டை. ஒவ்வொன்றின் தலையிலும் பொரித்த கறிவேப்பிலை ஒன்று. ஓரத்தில் விரலால் இழுத்த மாதிரி ஒரு கோடு சட்னி. மேசையில் நாங்கள் ஐந்து பேர்.

அடுத்து நடந்ததை நிமிஷம் நிமிஷமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நீட்டிய கையை அப்படியே திருப்பித் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். என் கணவர் திடீரென்று போனில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். அத்தை, "எனக்கு எதுக்குத்தா, பல்லு வலிக்கும்" என்றார். முதல் நாள்தான் எங்கள் வீட்டில் முறுக்கு கடித்தவர் அவர். எட்டு வயது மகள் மட்டும் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள், நன்றாக இருக்கிறது என்று அடுத்ததற்குக் கை நீட்டினாள். நான் அவளை முறைத்தேன்.

பெற்ற பிள்ளை சாப்பாட்டுக்குக் கை நீட்டும்போது நான் கண்ணாலேயே தடுத்தேன். என் வீட்டில் இதுவரை அப்படி நடந்ததில்லை. குழந்தை கையை இழுத்துக்கொண்டாள். அத்தை அதைப் பார்த்துவிட்டார். உடனே ஒரு உருண்டையைத் தன் கிண்ணத்தில் எடுத்துப் போட்டு, ஸ்பூனால் பாதியாக வெட்டப் பார்த்தார், பாதி பிள்ளைக்குக் கொடுக்க. மேலே மொறுமொறுவென்று பொரித்திருந்தார்கள். ஸ்பூன் வழுக்கியது. ஒரு பாதி தெறித்துப் பக்கத்து மேசைக்காரரின் ஷூ பக்கம் போய் விழுந்தது. டிஷ்யூவோடு ஒருவர் ஓடி வந்து எடுத்துப் போனார். அத்தை முகம் சுருங்கிவிட்டது. "வீணாப் போச்சே" என்று மெதுவாகச் சொன்னார்.

அரைக் கிலோ கொத்துக்கறியில் பொட்டுக்கடலை மாவும் சோம்பும் தேங்காயும் சேர்த்து இருபத்தைந்துக்குக் குறையாமல் உருட்டிப் போடுகிறவர் அத்தை. அடுப்படியில் நின்று எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்க நாங்கள் அள்ளிக்கொண்டு ஓடுவோம், யாரும் எண்ணியதில்லை. அந்த மனுஷி, தரையில் விழுந்த அரை உருண்டைக்காகக் குற்றவாளி மாதிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தம்பியைக் கூப்பிட்டேன். தனியாக ஒரே ஒரு உருண்டை கொண்டு வாருங்கள், என்ன விலையோ கொடுத்துவிடுகிறேன் என்றேன். "சிங்கிளா வராது மேம், இன்னொரு போர்ஷன் போடட்டுமா?" இன்னொன்று போட்டால் எட்டு, அதுவும் ஐந்து பேருக்கு வகுபடாது. மீதியில்லாமல் வகுபட ஐந்து பிளேட் வாங்க வேண்டும். 2,225 ரூபாய், கோலா உருண்டைக்கு மட்டும்! வாசலிலேயே எத்தனை பேர் என்று கேட்டுத்தானே உள்ளே விட்டீர்கள்? ஐந்து என்று டேப்லெட்டில் தட்டினீர்களே? அந்த ஐந்து ஏன் அடுப்படிக்குப் போகவில்லை? ஒரு உருண்டை கூடப் போட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? தெருமுனை டிபன் கடையில் இன்னொரு இட்லி கேட்டால் ஒரே ஒரு இட்லி வருகிறது. சாதாரண ஹோட்டலில் ஒன் பை டூ சூப் கேட்டால் இரண்டு கிண்ணத்தில் பிரித்தே கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்களெல்லாம் செய்வதை இவர்களால் ஏன் செய்ய முடியவில்லை?

10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரியையும் ஒரு பரிமாறலின் அளவையும் போட வேண்டும் என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. அதை எல்லா உணவகத்துக்கும் நீட்ட வேண்டும். கலோரி கூட வேண்டாம், எண்ணிக்கை போடுங்கள். நான்கு என்று எழுதியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்போமே.

பகிர்ந்து சாப்பிடுவதை நமக்கே புதிதாகச் சொல்லித்தருகிற மாதிரி ஒரு பேச்சு வேறு, "இது ஷேரிங் கான்செப்ட் மேம்" என்று. கீழக்கரையில் தோழியின் கல்யாணத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரே பெரிய தட்டு, சுற்றி நாங்கள். சோறு குறையக் குறைய, கறி குறையக் குறைய, கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல துண்டாகத் தள்ளிவிடத் தோன்றியது. அங்கே யாரும் யாரையும் முறைக்கவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பன் பரோட்டா முதலில் வந்தது. சால்னா இருபது நிமிஷம் கழித்து வந்தது. "ரெடி ஆக ஆக வரும் மேம், அதான் ஸ்டைல்." ஆறிப்போன பரோட்டாவைப் பிய்க்கத் தெம்பில்லாமல் அத்தை அப்படியே வைத்துவிட்டார். பாட்டுச் சத்தத்தில் அப்பா காது மெஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு, "சனிக்கிழமை மேம்" என்று பதில்.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். ஜிஎஸ்டி 5 சதவீதம் அரசுக்குப் போவது, அதை நான் கேட்கவில்லை. சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதே சரி என்று தீர்ப்பு கொடுத்தது. இதைச் சொன்னேன். மேனேஜர், "இது எங்க பாலிசி" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுகிறேன் என்று போனை எடுத்த பிறகுதான் அந்தக் கட்டணத்தை பில்லிலிருந்து எடுத்தார். தெரியாமல் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! உங்களுக்கும் போட்டால் எடுக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். நானும் முன்பு கூச்சப்பட்டுக் கட்டியிருக்கிறேன்.

3,900 சொச்சம் கட்டிவிட்டு வெளியே வந்தால் அத்தை காதோடு கேட்கிறார், "ஏத்தா, வீட்டுல தயிர் இருக்கா?"

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. பதினோரு நாளாக ஓடவில்லை. முட்டி வலிக்கிற மனுஷி, வயிற்றில் ஒன்றும் இல்லாமல், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறினார். அசோசியேஷன்காரர்களே, மாதம் 3,500 ரூபாய் பராமரிப்பு என்று முதல் தேதியே கதவைத் தட்டி வாங்குகிறீர்களே, அந்த லிஃப்ட்டுக்கு ஆள் எப்போதுதான் வருவான்?