சீசன் முடிந்த பிறகும் அங்கே இருக்கப் போகிறீர்களா?

வெளிநாட்டில், கடலோரச் சுற்றுலா நகரம் ஒன்றில் குடியேறலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்கள், ஓய்வு பெறப் போகிறவர்கள், சும்மா ஊர் மாற ஆசைப்படுகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. பெரும்பாலோர் அந்த ஊரை விடுமுறையில் ஒரு வாரம் பார்த்தவர்கள். நல்ல வெயில், நடக்கிற தூரத்தில் கடல், நள்ளிரவிலும் கலகலப்பான தெரு. ஆசை வருவதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது ஊர் தன்னை அலங்கரித்துக்கொண்டிருந்த வாரம். குடியேறினால் மற்ற மாதங்களும் சேர்ந்துதான் வரும்.

என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட ஊரைச் சீசன் இல்லாத மாதங்களில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாய்லாந்தின் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையில் கடலில் இறங்காதே என்று சிவப்புக் கொடி பறக்கும், ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் இருக்கும். அதே தாய்லாந்தில், வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கருங்கடல் கரையில் பல்கேரியாவின் சன்னி பீச் போன்ற இடங்களில் பிரச்சினையே வேறு. குளிர்காலத்தில் ஓட்டல்களும் கடைகளும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். கோடையில் கூட்டம் தாங்காமல் திணறிய தெருவில் பேச்சுத் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். இது சிலருக்குப் பிடிக்கும். பிடிக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

வாடகையும் சீசனைப் பார்த்துத்தான் நடக்கும். சுற்றுலாப் பயணிகள் இல்லாத மாதங்களில் பாதி விலைக்குக் கிடைக்கிற வீடு, சீசன் தொடங்கியதும் "காலி பண்ணுங்கள்" என்று ஆகிவிடலாம். வாரக் கணக்கில் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும்போது உரிமையாளர் வேறு என்ன செய்வார்? ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகு கடல் தெரிகிறதா என்று பார்க்கலாம். சொல்லப்போனால் கடல் தெரியாத வீடே மேல். உப்புக் காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கீல், பால்கனிக் கம்பி என்று எல்லாம் சீக்கிரம் அரித்துப் போகும். பார்ட்டிச் சத்தமும் இல்லாமல், பள்ளிக்கூடமும் மருந்துக்கடையும் பக்கத்தில் இருக்கிற உள் தெருக்களில்தான் அந்த ஊர்க்காரர்கள் குடியிருப்பார்கள்.

வாங்குவது இதைவிடப் பெரிய விஷயம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வாங்கும் குடியிருப்புச் சொத்து வங்கி அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கும். அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு, பத்திரத்தில் பெயர் வங்கிக்கு. இந்தோனேசியாவின் பாலியிலும் நிலத்தின் முழு உரிமை வெளிநாட்டவருக்குக் கிடையாது. இதைத் தாண்ட, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிடலாம் என்று ஒரு ப்ரோக்கராவது கட்டாயம் சொல்வார். எழுந்து வந்துவிடுங்கள். சட்டம் ஏற்காத ஏற்பாடு அது. சண்டை என்று வந்தால் பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் பேசும்.

வீடு இருந்தால் விசா தானாக வரும் என்பதும் பழைய கதை. முதலீட்டுக்கு வசிப்புரிமை தந்த போர்ச்சுகல், வீடு வாங்கும் வழியை 2023 அக்டோபரில் மூடியது. ஸ்பெயின் தன்னுடைய அதே மாதிரித் திட்டத்தையே 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. துருக்கியில் வெளிநாட்டவர் 20 சதவீதத்தைத் தாண்டிய குடியிருப்புப் பகுதிகளில் வெளிநாட்டவர் புதிதாக வசிப்பிடம் பதிவு செய்ய முடியாது என்று 2022இல் விதி வந்தது. தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், வழக்கமாக வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும், 90 நாளைக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். எத்தனை வருடம் இருந்தாலும் நீங்கள் அங்கே புதுப்பித்துக்கொள்ளும் விருந்தாளிதான். இந்த விதிகள் அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. தன் கரையோர நிலத்தைக் காப்பாற்ற எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு.

உள்ளூர்க்காரர்களின் கோபமும் இதே காரணத்தால்தான். 2024 ஜூலையில் பார்சிலோனாவில் போராட்டக்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியதைச் செய்தியில் பார்த்துப் பலர் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது, சுற்றுலாவால் ஏறிய வாடகை. வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் உரிமங்கள் எல்லாவற்றையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்த நகரம் அறிவித்திருக்கிறது. வெளியே சம்பாதித்து உள்ளே செலவழிக்கும் நாமும் அந்த வாடகையை ஏற்றுகிறவர்களில் சேர்த்திதான். அதற்காகக் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டியதில்லை. மொழி கற்றுக்கொள்ளலாம், கேட்ட விலையைவிட அதிகம் கொடுத்து வாடகைச் சந்தையைக் கெடுக்காமல் இருக்கலாம், "அங்கே எல்லாம் மலிவு" என்று உள்ளூர்க்காரர் காதுபடப் பேசாமல் இருக்கலாம்.

வரி பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, கணக்காளரிடம் கேளுங்கள். பல நாடுகளில் வருடத்துக்கு 183 நாள் இருந்தாலே வரி வசிப்பாளர், அதாவது அங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டியவர், ஆகிவிடுவீர்கள், தாய்லாந்தில் 180. வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் 2024 முதல் அங்கே விதி இறுகிவிட்டது. சூறாவளி வரும் கரை என்றால் வீட்டுக் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் சூறாவளி ஏறக்குறைய ஒரே நாளில் வலுத்து மிகக் கடுமையான ஐந்தாம் வகையாக மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கியது. அவ்வளவு வேகமாக வரும்போது பெட்டி கட்டவே நேரமிருக்காது.

அப்புறம், தம்பதியாகப் போகிறவர்கள் பேசாமல் விடும் ஒரு விஷயம். பல நாடுகளில் விசா ஒருவர் பெயரில் இருக்கும், மற்றவர் அவரைச் சார்ந்தவராக இருப்பார். விசா யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்துபோனால் மற்றவரின் அனுமதியும் கேள்விக்குறியாகிவிடும். வங்கிக் கணக்கு அவர் பெயரில், வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், உயில் வேறொரு நாட்டில். துக்கத்தோடு துக்கமாக, தெரியாத மொழியில் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனி விசா கிடைக்குமா என்று முதல் மாதமே கேட்டுவிடுங்கள். அந்த நாட்டுச் சொத்துக்கு அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் உயிலும் எழுதிவைத்துவிடுங்கள்.