டைட்டஸ் வளைவில் ‘ஒரு கல்கூட மாறவில்லை’யா?

ரோமிலுள்ள, பேரரசர் டைட்டஸின் வெற்றி வளைவு 2,000 ஆண்டுகளாக ஒரு கல்கூட மாற்றப்படாமல் நிற்பதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

கி.பி. 81 வாக்கில் எழுந்த இவ்வளைவு, இடைக்காலத்தில் ஃபிரான்ஜிபானே என்ற பிரபுக் குடும்பத்தின் கோட்டைச் சுவருக்குள் சிக்கியது. அச்சுவர்களை அகற்றினால் தாங்க எதுவுமில்லாமல் வளைவே சரிந்துவிடும் நிலை. எனவே 1820-களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜுசெப்பே வலாடியர் கற்களைப் பிரித்தெடுத்து, மீண்டும் அடுக்கினார். இல்லாத பகுதிகளுக்கு வேண்டுமென்றே வேறு கல் வைத்தார்.

வளைவின் படத்தைப் பெரிதாக்கினாலே தெரியும். வரிப்பள்ளமுள்ள அரைத்தூண்கள் பழைய பளிங்கு. வழவழப்பானவை புது டிராவர்டைன் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல்). கொலோசியம் பக்கம் பழைய ரோமானியக் கல்வெட்டு. ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) பக்கம் சீரமைப்பைச் சொல்லும் போப் ஏழாம் பயஸின் கல்வெட்டு. (சீரமைப்பை மறைக்க நினைத்தவர்கள் அதைக் கல்லில் வெட்டுவார்களா?)

அந்தச் செய்தி வந்தால் பகிராதீர்கள்.