உங்கள் லேஅவுட்டின் ரிசர்வ் சைட் எங்கே?

காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா திறந்ததிலிருந்து பார்க்கிற ஆளெல்லாம் "போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறார்கள். போனேன், நன்றாகத்தான் இருக்கிறது. 2010 செம்மொழி மாநாட்டில் அறிவித்ததை 2025 நவம்பரில் திறந்திருக்கிறார்கள். இன்றைய நில விலையில் கோவைக்கு நடுவே 45 ஏக்கரைக் கட்டடம் ஆக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

ஆனால் சரவணம்பட்டியிலோ குனியமுத்தூரிலோ குடியிருப்பவருக்கு அது லீவு நாளில் வண்டி எடுத்துக்கொண்டு போகிற இடம். சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கும் அவர் வீட்டுச் சுவர் கொதிக்கிறதே, அதற்கு அந்தப் பூங்கா ஒன்றும் செய்ய முடியாது. தார் ரோடும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து ராத்திரியில் வெளியே விடுகின்றன. மரம் வெயிலைத் தரைக்கு விடாமல் தடுக்கிறது, இலை வழியாக நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றைத் தணிக்கிறது. இதெல்லாம் மரம் நிற்கிற இடத்தை ஒட்டித்தான் நடக்கும். அதனால் ஊருக்கு ஒரு பெரிய பூங்காவை விட வீதிக்கு வீதி சின்னத் தோப்பு மேல் என்பது என் கட்சி.

அதற்கு இடம் எங்கே என்கிறீர்களா? ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்தைச் சைட் போட்டு விற்கும்போது, ஓரளவுக்கு மேல் பெரிய லேஅவுட் என்றால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நாம் ரிசர்வ் சைட் என்கிறோம். பத்திரம் எழுதாமல் இழுத்தடித்து, பத்து வருஷம் கழித்து அதையும் மனை பிரித்து விற்பவர்கள் உண்டு. பத்திரம் எழுதியும் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடப்பவை இன்னும் அதிகம்.

எங்கள் லேஅவுட் ஒரு காலத்தில் சோளக்காடு. தோட்டக்காரர் காலத்து வேம்பு ஒன்றும் அரப்பு மரங்கள் இரண்டும் ரிசர்வ் சைட் மூலையில் தப்பி நின்றன. முதலில் வீடு கட்டும் ஒருவர் அங்கே ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டினார். வீட்டுக்குப் பால் காய்ச்சியாகிவிட்டது, ஜல்லி மட்டும் நகரவில்லை. அப்புறம் ஒரு தகரக் கொட்டகை. அப்புறம் கொட்டகைக்குக் கரண்ட் மீட்டர். மீட்டர் வந்துவிட்டால் பாதி அனுபவ பாத்தியதை வந்த மாதிரி. கேட்கப் போனால், "சும்மாதானுங்க கெடக்குது, உங்களுக்கென்ன நஷ்டம்?" சில இடங்களில் கொட்டகைக்குப் பதில் பிள்ளையார் வருவார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு அரசமரத்தடியே போதும். அவர் பேரைச் சொல்லிக் காம்பவுண்டு கட்டுகிறவர்கள்தான் வில்லங்கம்.

மரம் வைப்போம் என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். எதிர்வீட்டு அக்கா நேராகவே சொன்னார்: "பொழுது சாஞ்சா பாட்டிலோட வந்து உக்காந்துக்குவாங்க, பாம்பு வேற வரும். காலையில கூட்டுறது நான்தானே?" நியாயமான பேச்சு. அதற்கு வழி இடத்தை மொட்டையாக விடுவதல்ல. ஒரு விளக்கு, இரண்டு சிமெண்ட் பெஞ்ச், ஆட்டுக்குப் பயந்து ஒரு வேலி. நாலு பேர் தினமும் வந்து உட்கார்ந்தால் பாட்டில்காரர் வேறு இடம் பார்ப்பார்.

என்ன வைப்பது என்பதிலும் எனக்குச் சண்டை உண்டு. தயவுசெய்து புல்தரை வேண்டாம். மழை மறைவில் இருக்கிற ஊர் இது. குடிக்கிற சிறுவாணித் தண்ணிக்கே நாள் கணக்குப் பார்க்கிறோம், போர்வெல் ஆயிரம் அடி தாண்டுகிறது. காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டை, அதாவது மானாவாரி மேய்ச்சல் காட்டைப் போய்ப் பாருங்கள். வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிக் கிளுவை வேலி. யாரும் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சாமல் தலைமுறைகளாக மாட்டுக்குத் தீனி போடுகிறது. அந்தக் கிளுவையே ரிசர்வ் சைட்டுக்கும் போதுமே, போத்து வெட்டி நட்டால் உயிர்வேலி. உள்ளே வேம்பு, புங்கன், அரப்பு, இலுப்பை. மியாவாக்கி முறையில் நெருக்கி நடுவதும் நல்லதுதான், சின்ன இடத்தில் சீக்கிரம் அடர்ந்துவிடும். ஆனால் உள்ளே பாய் விரித்து உட்கார முடியாது. எனக்கு ஆயாமார் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிற நிழல் வேண்டும்.

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டு மரங்கள் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. பத்துக் கன்றையும் வைக்க இடம் வேண்டுமே!

"போன இடம் போனதுதான்" என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு தகவல். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் தகரக் கொட்டகை எம்மாத்திரம்?

ஆகவே முதலில் உங்கள் லேஅவுட்டின் அப்ரூவல் வரைபடத்தை வாங்குங்கள். மாநகராட்சியில், ஊராட்சியில், லேஅவுட்டுக்கு அனுமதி தருகிற டிடிசிபியில் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இருந்தால் போர்டும் வேலியும் கேட்டு நாலு வீட்டார் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். ஆடிக் காற்றில் கன்று நட்டால் ஒடிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் இடம் கைக்கு வந்தால் போதும், குழி நானே வந்து வெட்டித் தருகிறேன்.