ஆண் தேள் சீக்கிரம் சாகிறதா, நாம் கிழவனைப் பிடிக்கிறோமா?

பதுளை, பசறைப் பக்கம் இப்போது சில தம்பிமார் பழைய மீன் தொட்டியில் மண்ணைப் போட்டுக் கருந்தேள் வளர்க்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே புத்திமதிதான்: "ஆணை எடுக்காதீங்க அண்ணே, சீக்கிரம் செத்துரும். பெண்ணா பார்த்து எடுங்க." இதில் பாதி உண்மை. மற்றப் பாதி, நாம் தேள் பிடிக்கும் விதத்தால் வந்த நம்பிக்கை என்பது என் கருத்து.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பல தேள் இனங்களில் ஆண், பெண்ணை விடக் குறைவான தடவை தோல் உரித்தே பருவத்துக்கு வந்துவிடும். வந்ததும் வளையில் இருக்காது. இணை தேடி இரவு இரவாக அலையும். அந்த அலைச்சலில் ஆந்தைக்கும் தேரைக்கும் மனிதன் செருப்புக்கும் இரையாகிறது. கூடிய பிறகு பெண் ஆணைத் தின்றுவிடும் என்பதும் நடப்பதுதான். ஆனால் கதைகளில் வரும் அளவுக்கு ஒவ்வொரு தடவையும் அல்ல. முக்கால்வாசி ஆண்கள் அலைந்து திரிந்தே முடிந்துபோகின்றன என்றுதான் நினைக்கிறேன்.

இனி மற்றப் பாதி. நம் ஆட்கள் தேளை எங்கே பிடிக்கிறார்கள்? கான் ஓரத்தில், லயத்து இஸ்தோப்பில், விறகுக் கட்டுக்குக் கீழே, ராத்திரி யூ.வி. டோர்ச் அடித்து. அந்த வெளிச்சத்தில் தேள் பச்சை நீலமாக ஒளிரும், பிடிப்பது சுலபம். ஆனால் அந்த நேரத்தில் வெளியே நடமாடுவது யார்? பெரும்பாலும் பருவம் வந்து துணை தேடும் ஆண்தான். பெண் தன் வளை வாசலை விட்டு அதிகம் நகராது. ஆக, தொட்டிக்கு வரும் ஆண் தன் ஆயுளில் பெரும்பகுதியை ஏற்கனவே செலவழித்து முடித்தது. அது ஆறு மாதத்தில் செத்தால் "ஆணுக்கு ஆயுள் குறைவு" என்று எழுதி வைக்கிறோம். கிழவனைக் கூட்டிவந்து வைத்துவிட்டு, இளவயதில் போய்விட்டான் என்று அழுவது என்ன நியாயம்?

வயதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பருவம் வந்த தேள், ஆணோ பெண்ணோ, அதற்குப் பிறகு தோல் உரிக்காது. பார்த்து இரண்டு வயதா ஐந்து வயதா என்று யாராலும் சொல்ல முடியாது. டரன்டுலா சிலந்தி வேறு கதை. அதில் பெண் பருவம் வந்த பிறகும் தோல் உரித்துக்கொண்டே இருக்கும், இருபது வருடம் தாண்டுவதும் உண்டு. ஆண் கடைசித் தோலை உரித்த பிறகு அதிகம் தாங்காது. இணையத்தில் சிலந்திக்குச் சொன்ன ஆண் பெண் ஆயுள் இடைவெளியை நம்மவர்கள் அப்படியே தேளுக்கு ஒட்டிவிடுகிறார்கள். தேளில் வித்தியாசம் அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஆபிரிக்க எம்பரர் தேள் வளர்ப்பில் 6 முதல் 8 வருடம் வாழும் என்பார்கள். அந்தக் கணக்கை நம்மூர்த் தேளுக்குத் தூக்கிப் போடுவதும் சரியில்லை.

ஆணா பெண்ணா என்பதைவிட ஆயுளில் அதிகம் கை வைப்பது சூடும் தீனியும். சூட்டில் வைத்து வயிறு நிறையப் போட்டால் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முடியும். நுவரெலியாக் குளிரில் ஹீட்டர் வைத்து வளர்ப்பவர் கணக்கும் பதுளை வெயிலில் வளர்ப்பவர் கணக்கும் எப்படி ஒன்றாகும்?

அப்புறம் அந்தப் பழைய கதை. தேள் குஞ்சு தாயின் முதுகைப் பிளந்து பிறக்கும், தாய் செத்துவிடும் என்று நம் அம்மாயிகள் சொல்லாத வீடில்லை. முதுகு நிறையக் குஞ்சுகளோடு தேளைப் பார்த்தவர்கள்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும். தேள் முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் முதல் தோல் உரியும் வரை தாயின் முதுகில் இருக்கும். தாய் சாகாது, மறுபடியும் கருத்தரிக்கும். பெரிய கருந்தேள் வகைகள் பல மாதம் கரு சுமக்கும். அதனால்தான் பிடித்துவந்த பெண் சில நேரம் தொட்டியிலேயே குட்டி போட்டு, மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் தம்பியின் தொல்லை தாங்காமல் குட்டிகளைத் தின்றுவிடுகிறது. பெண்ணாகப் பார்த்து எடுங்கள் என்ற புத்திமதியின் பலன் இதுதான்: குட்டி போட வேண்டியதைத்தான் தோண்டி எடுக்கிறோம்.

2020 ஜனவரியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு சீனப் பயணியின் பெட்டியில் 200 உயிர்த் தேள்கள் பிடிபட்டபோது எல்லோரும் கொதித்தோம். நாம் ஒவ்வொன்றாக எடுப்பதைப் பற்றி யாருக்கும் கொதிப்பில்லை.

தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகளில் ஆணையும் பெண்ணையும் ஒரே சூட்டில், ஒரே தீனியில் கடைசி வரை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பிறந்த மாதத்தையும் போடுங்கள். வயிற்றுப் பக்கம் சீப்பு மாதிரி இருக்கிறதே, அதைப் பார்த்து ஆண் பெண் பிரித்திருந்தால் மட்டும் போதும். ஆணுக்கு அது பெரியது. கொடுக்கின் பருமனைப் பார்த்து ஊகித்தது எனக்கு வேண்டாம்.