பதினொரு மணிக்கு வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்?

பிரிந்துபோன கணவனும் மனைவியும் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டில் நிற்கும்போது, சில வழக்குகளில் நீதிபதி இரண்டு பேர் வீட்டையும் நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி ஆளனுப்புகிறார். குடும்ப நீதிமன்ற ஆலோசகர் வரலாம், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து யாராவது வரலாம், ஒரு வழக்கறிஞரையே ஆணையராகப் போடலாம். நல்ல ஏற்பாடுதான். இது இல்லையென்றால் நீதிபதிக்கு முன்னால் இருப்பது ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லி எழுதிய இரண்டு மனுக்கள் மட்டுமே. ஆனால் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட் லைன்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இந்த ஆய்வு நடக்கிற விதம் பற்றி எனக்குக் கடுமையான வருத்தம் இருக்கிறது.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி விட்ட நேரத்தில் ஒரு கவரோடு வந்தார். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. வக்கீல் சார் அடுத்த வாய்தாவுக்குப் பேசிக்கலாம்னுட்டார்" என்றார். அவருடைய வீட்டைப் பற்றிய அறிக்கை. முழுக்க ஆங்கிலம். தன் குடும்பத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு தாய் இன்னொருவர் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

ஒரே அறை, சமையலும் அதற்குள்ளேயே. ஜன்னல்கள் மூடியிருந்தன, காற்றோட்டம் போதாது. கூரை ஒழுகிய தடம் சுவரில் தெரிகிறது. சொந்த வீடு இல்லை. வனவிலங்கு நடமாட்டம் உள்ள பகுதி. அதற்கப்புறம் வந்த வரிதான் அவரை அழவைத்தது: காலையில் பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு செய்வதில்லை.

ஆடி மாத மழையில் கூடலூரில் யார் வீட்டு ஜன்னல் திறந்திருக்கும்? வந்தவர் அந்தக் குளிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். கூரை விஷயத்துக்கு வருவோம். லைன் வீடு எஸ்டேட்டுடையது. தொழிலாளிக்கு வீடு கொடுத்து அதைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் மேல்தான் வைத்தது. ஓடு மாற்றித் தரச் சொல்லி ஆபீசுக்கு நடந்து நடந்து அலுத்துப்போன ஒரு பெண்ணிடம், உன் கூரை ஒழுகுகிறது, உன் பிள்ளையைத் தர முடியாது என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? கரடியும் யானையும் காட்டுமாடும் அந்த ஒரு லைனுக்கு மட்டும் வரவில்லை. மாவட்டத்தில் பாதிப் பேர் அதோடுதான் வாழ்கிறோம். பிள்ளைகளைத் தனியாக விடாமல் கூட்டமாகப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட லைனில் முறை வைத்து ஆள் போகிறார்கள். அது அறிக்கையில் இல்லை.

காலைச் சாப்பாட்டைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியும். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது, 2023-ல் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை தினமும் என் கண் முன்னால் உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறது. அம்மா விடிவதற்கு முன்னே எழுந்து, தண்ணீர் காய வைத்துக் குளிப்பாட்டி, தலை பின்னி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகிறார். தலை பின்னாமல் அது பள்ளிக்கு வந்ததே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பள்ளிக்கு யாரும் வரவில்லை.

அப்பா திருப்பூரில் இருக்கிறார். அங்கே வாடகை வீடு, தரையில் டைல்ஸ், தனி பாத்ரூம், பிரிட்ஜ். அந்த வீட்டைப் பற்றிய அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை, பிள்ளை மேல் பாசம் உள்ளவர். ஆனால் பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் இரவு வேலைக்குப் போனால் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதிலே இல்லை.

சட்டம் அறையை எண்ணச் சொல்லவில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 17-ஆவது பிரிவு, பிள்ளையின் வயது, பாலினம், மதம், கேட்பவரின் குணம், தகுதி, உறவு நெருக்கம், பிள்ளையோடு இதுவரை இருந்த உறவு, இதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டம் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. வசதி ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டுமே முடிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும், கள ஆய்வுக்கு வருகிறவர் கையில் இருக்கும் படிவம் முதலில் வீட்டைத்தான் கேட்கிறது. அதனால் அவர் கண்ணும் சுவரையே பார்க்கிறது.

வருகிற நேரமும் ஒரு பெரிய பிரச்சினை. காலை பதினொரு மணிக்கு லைனுக்கு வந்தால் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் பார்க்க முடியும். தாய் மலையில் இருப்பார். ஆள் விட்டுக் கூப்பிட்டு, அரை நாள் கூலி போய், ஈரத் துணியோடு ஓடி வந்து நிற்கிற பெண்ணிடம் பத்து கேள்வி கேட்டால் என்ன தெரியும்? அதே மாதிரி குடிக்கிற மனிதரின் வீட்டுக்கும் பதினொரு மணிக்குப் போனால் எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும். சம்பள நாள் ராத்திரி அந்த வீடு எப்படி இருக்கும் என்று அக்கம்பக்கத்தைக் கேட்டால்தானே தெரியும்?

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையை நடுவில் நிறுத்தி, பெரியவர்கள் சுற்றி நிற்க, "உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று கேட்பது கொடுமை. ஏழு வயதுப் பிள்ளை எதைச் சொன்னாலும் ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும். அப்படிக் கேட்டதற்கு அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் யாரோடும் பேசவில்லை, நோட்டில் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கோடு போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யாரோடு விளையாடுவாய், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பார்கள், பயமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேளுங்கள். வேண்டிய பதில் தானாக வரும்.

வருகிற அலுவலர்களுக்கும் கஷ்டம் உண்டு, தெரியும். பத்து வேலைக்கு நடுவில் இதையும் பார்க்கிறார்கள். இந்த மலை ரோட்டில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்கே ஒரு நாள் போய்விடும். அதனாலேயே கேட்கிறேன்: ஒரே தடவை வர முடியும் என்றால் சாயங்காலம் வாருங்கள், வேலையும் பள்ளியும் முடிந்த பிறகு. வழியில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இறங்குங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள், லைனில் பிள்ளை வளர்ப்பது ஓர் ஆள் வேலை இல்லை. அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி கோர்ட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி. கோர்ட் தன் பக்கம் வந்து எட்டிப் பார்க்கிற ஒரே சந்தர்ப்பம் அந்தப் பெண்ணுக்கு இந்த ஆய்வுதான்.

இப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நீதிபதிக்கு அது ஓர் உதவி, தீர்ப்பு இல்லை. தப்பு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனு போடலாம். ஆசிரியரையோ அங்கன்வாடி டீச்சரையோ சாட்சியாகக் கூப்பிடலாம், நான் வரத் தயார் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. போன் நம்பர் 15100.

அவருக்கு அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். மறு ஆய்வு கேட்டு மனு தயாராகிவிட்டது.